சொந்தத் தொழில்: பதிவு செய்யும் முன் தெரிந்துகொள்வோம்



தீபாவளி நெருங்கினால் நம்ம பிள்ளைகள் பலர் முறுக்கு சுட்டு, மாலை கட்டி, மருதாணி போட்டு நாலு காசு பார்க்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் தொடர்ந்து செய்தால் அது வணிகம். வணிகத்துக்குப் பதிவு வேணும். நானும் பலகாரத் தொழில் செய்கிறவள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1. யார், எங்கே?
தீபகற்ப மலேசியாவில் 1956ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டம் நடப்பில் இருக்கிறது. 18 வயது நிரம்பிய குடிமக்களும் நிரந்தரவாசிகளும் எஸ்.எஸ்.எம். முகப்பிடத்திலோ இணையத்திலோ பதியலாம். தொழில் தொடங்கி 30 நாளுக்குள் பதிய வேண்டும். பதியாமல் நடத்தினால் 50,000 ரிங்கிட் வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

2. எவ்வளவு?
அடையாள அட்டையில் உள்ள பெயரிலேயே பதிந்தால் ஆண்டுக்கு 30 ரிங்கிட். வேறு வணிகப் பெயர் என்றால் 60 ரிங்கிட். ஒரே தடவையில் 5 ஆண்டு வரை கட்டலாம். கடை போடுவதற்கான உரிமம் வேறு. அதை ஊராட்சி மன்றத்தில் வாங்கணும்.

3. பொறுப்பு யாருடையது?
இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. தனி உரிமையாளர் வணிகத்தில் கடையும் நீங்களும் சட்டப்படி ஒரே ஆள்தான். லாபம் முழுக்க உங்களுக்கு. கடனும் முழுக்க உங்களுக்கே. சரக்கு கொடுத்தவர் வழக்குப் போட்டு ஜெயித்தால், கடைப் பணம் போதாதபோது உங்கள் சொந்தச் சேமிப்பு, மோட்டார், வீடு வரைக்கும் கை வைக்க முடியும். செண்டிரியான் பெர்ஹாட் நிறுவனம் அப்படியல்ல. அது தனி ஆள். ஆனால் அதற்கு நிறுவனச் செயலாளர் வேணும், செலவும் கூட. அதனால்தான் நான் தனி உரிமையிலேயே இருக்கிறேன். அதே காரணத்தால், சேமிப்பில் அடைக்க முடியாத அளவுக்குக் கடனில் மாவும் எண்ணெயும் எடுப்பதில்லை.

4. கணக்கு
வணிகத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரசீதுகளை 7 ஆண்டு பத்திரப்படுத்துங்கள். வருமான வரிக்கு பி பாரத்தை அடுத்த ஆண்டு ஜூன் 30க்குள் அனுப்ப வேண்டும். தொழிலை நிறுத்தினாலும் 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம்.மிடம் சொல்லுங்கள்.

கலந்து பேசுங்கள்:
• கூட்டாளி செய்த கடனுக்கு நீங்கள் பொறுப்பா?
• உங்கள் தொழிலில் நட்டம் வந்தால் வீட்டில் யார் யார் பாதிக்கப்படுவார்கள்?

இரண்டாவது கேள்விக்கான பதிலை அப்பா, அம்மாவிடம் உட்கார்ந்து பேசிவிட்டே பாரத்தில் கையெழுத்துப் போடுங்கள்.