முர்காப் மாவட்டம்: நிலமும் நிருவாகமும்

மாணவர்களே, "பரப்பளவு கூடிய இடத்தில் சனத்தொகையும் கூடும்" என எழுதிப் புள்ளிகளை இழப்போர் பலர். மத்திய ஆசியாவில், தஜிகிஸ்தானின் முர்காப் மாவட்டத்தைக் கற்றால் இத்தவறு நீங்கும்.

1. அமைவிடம்
தஜிகிஸ்தானின் கிழக்கு எல்லையில், பாமிர் உயர்நிலத்தில் அமைந்துள்ளது. கிழக்கே சீனா, வடக்கே கிர்கிஸ்தான், தெற்கே ஆப்கானிஸ்தான். பரப்பளவு ஏறத்தாழ 38,000 ச.கி.மீ. இது நாட்டின் கால்பங்கிலும் அதிகமாகும். ஆனால் சனத்தொகை ஏறத்தாழ 15,000 மாத்திரமே. எனவே சனத்தொகை அடர்த்தி ச.கி.மீற்றருக்கு ஒருவரிலும் குறைவு. பெரும்பான்மையோர் கிர்கிஸ் இனத்தவர்.

2. காலநிலையும் தொழிலும்
முர்காப் நகர் கடல் மட்டத்திலிருந்து 3,600 மீற்றருக்கு மேல் உள்ளது. மேற்கிலிருந்து வரும் காற்றின் ஈரப்பதனை மேற்குப் பாமிர் மலைகள் தடுத்துவிடுவதால் இது மழைநிழற் பிரதேசமாகும். ஆண்டு மழைவீழ்ச்சி 100 மில்லிமீற்றரிலும் குறைவு. பாலைநிலம் என்றதும் "வெப்பமானது" என எழுதிவிடாதீர்கள். இது குளிர்ப் பாலைநிலம். பயிர்ச்செய்கைக்கு வாய்ப்பு மிகக் குறைவு. யாக், செம்மறி, வெள்ளாடு வளர்ப்பே பிரதான தொழில்.

3. நிருவாகப் படிநிலை
• நாடு: தஜிகிஸ்தான்
• மாகாணம்: கோர்னோ-படக்ஷான் சுயாட்சி மாகாணம் (தலைநகர் கோரோக்)
• மாவட்டம்: முர்காப்
• ஜமோஅத்: கிராமங்களை உள்ளடக்கிய அடிமட்ட அலகு (உ+ம்: அலிச்சூர், ரங்குல், கரகுல்)

மாவட்டத் தலைவரை நியமிப்பவர் ஜனாதிபதி. கோரோக்கிலிருந்து முர்காப் நகருக்குப் பாமிர் நெடுஞ்சாலை வழியே 300 கி.மீற்றருக்கு மேல் செல்லவேண்டும்.

4. எரிபொருட் பிரச்சினை
சோவியத் காலத்தில் நிலக்கரியும் எண்ணெயும் வெளியிலிருந்து இந்நெடுஞ்சாலை வழியே வந்தன. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபின் அவ்விநியோகம் குலைந்தது. கடுங்குளிரில் மரமற்ற நிலத்தில் மக்கள் என்ன செய்வர்? தெரஸ்கன் எனும் புதர்ச்செடியை வேரோடு பிடுங்கி எரித்தனர். அதுவே கால்நடைகளின் தீவனமும் ஆகும். மீண்டும் வளர நெடுங்காலம் எடுக்கும். அடுப்பு எரிந்தால் மேய்ச்சல் நிலம் குறையும். அதைக் காத்தால் வீடு குளிரும். இம்மக்களைக் குறைகூறி விடை எழுதாதீர்கள். அவர்களுக்கு வேறு வழி இருந்ததா என முதலில் சிந்தியுங்கள்.

மாதிரி வினா: முர்காப் மாவட்டத்தில் சனத்தொகை அடர்த்தி குறைவாக இருப்பதற்கான காரணங்கள் மூன்றினை விளக்குக.

குறிப்பு: உயரம், வரட்சி, போக்குவரத்துத் தூரம் எனப் பெயர் மட்டும் எழுதினால் போதாது. ஒவ்வொன்றும் மக்கள் வாழ்வை எவ்வாறு பாதிக்கின்றது என ஒரு வசனமேனும் சேர்த்து எழுதுக.