தொலைவேட்டைக்கேற்ற துப்பாக்கி

எக்கருவியும் அதனால் ஆகவேண்டிய தொழிலை நோக்கியே தேரப்படுதல் வேண்டும். மண்டைக்காட்டுக் கடற்கரையில் வாழும் மீனவர், பிடிக்கக் கருதும் மீனுக்கேற்ற கண்ணியுடைய வலையையே தோணியில் ஏற்றுவர். பெரியதொரு வலை இருக்கின்றதென்று எல்லா மீனுக்கும் அதனையே வீசுவாரில்லை. மலைவேட்டைக்குத் துப்பாக்கி தேர்தலும் இத்தகையதே.

அக்கடற்கரையினின்று வடகிழக்கே நோக்குவார்க்கு வேளிமலையும், அதற்கப்பால் மேற்குத் தொடர்ச்சி மலையும் தோன்றும். அம்மலைகளில் மிளாவும், ஆசம்பு மலை முகடுகளில் வரையாடும் வாழ்கின்றன. திருவிதாங்கூர் நாளில் மலைவேட்டை செல்வர்க்கு ஒரு பொழுதுபோக்காயிருந்தது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு முடிவு கட்டியது. வரையாடு இன்று தமிழ்நாட்டின் மாநில விலங்கு. அதனைப் பேணும்பொருட்டு 2023-இல் தனித்திட்டமொன்றும் தொடங்கப்பெற்றது. ஆகவே நம் மலைகளில் துப்பாக்கிக்கு வேலையில்லை.

அங்ஙனமாயின் இவ்வாராய்ச்சியாற் பயன் யாதெனில், கூறுதும். நம் மிளாவின் இனம் 1860-களில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா நாட்டிற் கொண்டுபோய் விடப்பட்டுப் பல்கிப் பெருகியது. ஆண்டு உரிமம் பெற்றோர் அதனை வேட்டையாடுதல் சட்டத்திற்கு உடன்பாடே. கடல் கடந்து வாழும் நம்மவர் சிலர்க்கு இச்செய்தி நேரே பயன்படலாம். ஏனையோர்க்கும், வகுப்பறையிற் கற்ற இயக்கவியல் விதிகள் ஓர் உயிரின் துன்பத்தோடு எங்ஙனம் தொடர்புறுகின்றன என்பதனை அறிதல் நலமாம்.

முதற்கண் பொறியின் அமைப்பைக் காண்போம். குழலின் பின்வாயை ஓர் உருக்குத் தண்டினால், கதவைத் தாழிடுவதுபோல் அடைத்துத் திருப்பிப் பூட்டும் துப்பாக்கியே போல்ட் துப்பாக்கி எனப்படும். ஜெர்மானியராகிய பால் மௌசர் 1898-இல் நிறைவு செய்த அமைப்பு இதற்கு இலக்கணமாய் நிற்கின்றது. அதன் தண்டின் முன்முனையில் இரு பூட்டுப் பற்கள் உள. வெடியின் அழுத்தத்தைத் தோட்டாவுக்கு அடுத்தே அவை தாங்குதலால் தண்டு நெளிவதில்லை. குண்டு ஒவ்வொரு முறையும் ஒரே தன்மையாய் வெளிச்செல்லும். பின்னே மூன்றாவது பல்லொன்று காப்பாக உள்ளது. அகன்ற கொக்கியொன்று தோட்டாவைத் தொடக்கமுதலே பற்றிக்கொள்ளுதலால், அவசரத்திலும் தோட்டா இடறுவது அரிது. லீ என்பார் வகுத்த அமைப்பிலோ பூட்டுப் பற்கள் தண்டின் பின்புறத்தில் உள. அது விரைந்து இயங்கும், போர்க்களத்திற் புகழ்பெற்றது, எனினும் மிக வலிய தோட்டாவுக்கும் நுண்ணிய குறிக்கும் முன்பூட்டே சிறந்ததெனக் கொள்ளப்படுகின்றது.

அடுத்தது தோட்டா. குண்டின் ஆற்றல் அதன் எடையைப் பொறுத்தும், வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தும் உயரும். 9 கிராம் எடையுள்ள குண்டு விநாடிக்கு 800 மீட்டர் வேகத்தில் வெளிப்படின், அதன் ஆற்றல் 2,880 ஜூல் ஆகும். ரிக்பி கம்பெனியார் .275 எனப் பெயரிட்ட 7×57 மௌசர் தோட்டா ஏறக்குறைய இவ்வகையினது. இதனினும் வலியது 1906-இல் அமெரிக்கப் படையினர் மேற்கொண்ட .30-06. அதனினும் வலியது ஹாலந்து கம்பெனியார் 1912-இல் வெளியிட்ட .375 மேக்னம், இது காட்டெருமை போன்ற கொடிய பெருவிலங்குகளுக்கு உரியது. மிளாவுக்கு .270 அங்குல விட்டமும் 130 கிரெய்ன் குண்டெடையும் குறைந்த எல்லையென விக்டோரியச் சட்டம் வகுத்துள்ளது. அவ்வெல்லைக்கு மேற்பட்டுத் தன் தோள் பொறுக்குமளவே ஒருவன் தேர்தல் வேண்டும்.

தோள் பொறுத்தல் என்பது சிறு செய்தியன்று. குண்டு முன்னே செல்லும் உந்தத்திற்கு ஈடாகத் துப்பாக்கி பின்னே உதைக்கும் என்பது நியூட்டனின் மூன்றாம் விதி. ஒரே தோட்டாவை 4 கிலோ எடையுள்ள துப்பாக்கியிலும் 3 கிலோ எடையுள்ளதிலும் இட்டுச் சுட்டால், பின்னதன் உதைப்பாற்றல் மூன்றில் ஒரு பங்கு மிகும். மலையேறுவோன் இலேசானதை விரும்புவான். அவன் தோளோ கனத்ததை விரும்பும். உதைப்புக்கு அஞ்சியவன் விசையை அழுத்தும் கணத்திற் கண்ணை மூடித் தோளைக் குலுக்குவான். குறி அப்போதே கெட்டது. ஆதலின் பெருந்தோட்டாவை அஞ்சி எய்பவனினும், நடுத்தரத் தோட்டாவை அஞ்சாது எய்பவனே வேட்டைக்குரியவன். துப்பாக்கிக் கட்டையின் நீளம் கைக்கேற்றதாகவும், விசை தடையின்றி ஒரே சீராக இளகுவதாகவும், தொலைநோக்கி அசையாது பிணிக்கப்பட்டதாகவும் இருத்தல் வேண்டும்.

இனி, தொலைவைப் பற்றிக் கூறுவோம். மண்டைக்காட்டில் நின்று கடலில் மிதக்கும் தோணியொன்றைச் சுட்டி, அது எத்துணைத் தொலைவில் உள்ளதென நால்வரை வினவினால் நான்கு விடைகள் வரும். இடையே மரமோ மனையோ இன்மையால் கண் ஏமாறும். பள்ளத்தாக்கின் எதிர்ச்சரிவில் நிற்கும் விலங்கை நோக்குவோனுக்கும் இம்மயக்கம் உண்டு. அதன் விளைவைக் கணித்துக் காண்போம். விநாடிக்கு 800 மீட்டர் செல்லும் குண்டு, காற்றின் தடையை நீக்கிக் கணக்கிட்டால், 300 மீட்டரை 0.375 விநாடியிற் கடக்கும்; அதற்குள் ஏறக்குறைய 69 சென்டிமீட்டர் வீழும். 400 மீட்டரைக் கடக்க அரை விநாடி. வீழ்ச்சி 122 சென்டிமீட்டர். 300 மீட்டருக்குக் குறி திருத்திய துப்பாக்கியால், 400 மீட்டரில் நிற்கும் மிளாவை 300 என்று மயங்கிச் சுட்டால், குண்டு குறிக்கு 30 சென்டிமீட்டர் கீழே செல்லும். காற்றின் தடையைச் சேர்த்தால் இது இன்னும் மிகும். மிளாவின் மார்பில் இதயமும் நுரையீரலும் அமைந்த வட்டமோ ஒரு சாணினும் சற்றே பெரிது. எனவே குண்டு நெஞ்சைத் தப்பி முன்காலை முறிக்கும். விலங்கு வீழாது, நொண்டிக்கொண்டே புதரிற் புகுந்து, பல நாள் வருந்தி மடியும்.

சரிவுகளில் மற்றொரு மயக்கமும் உண்டு. புவியீர்ப்பால் விளையும் வீழ்ச்சி பெரும்பாலும் கிடைத்தொலைவையே பொறுத்தது. 45 பாகைச் சரிவில் 300 மீட்டர் மேலேயோ கீழேயோ நிற்கும் விலங்குக்குக் கிடைத்தொலைவு 212 மீட்டரே. இதனை அறியாதான் குண்டு மேலே செல்லும். பக்கக் காற்றும் குண்டை ஒதுக்கும். தொலைவை ஒளிக்கதிரால் அளக்கும் கருவிகள் இந்நாளில் உள. காற்றையும் கைந்நடுக்கத்தையும் அவை மாற்றமாட்டா.

பிழைபட்ட குண்டின் பயன் விலங்கோடு முடிவதுமன்று. குமாயூன் மலைநாட்டுச் சம்பாவத்தில் 1907-இல் ஜிம் கார்பெட் சுட்டு வீழ்த்திய பெண்புலி, நேபாளத்திலும் குமாயூனிலுமாக 400-க்கு மேற்பட்ட மக்களைக் கொன்றதென்பர். அதன் வாயைத் திறந்து நோக்கியபோது வலப்புறத்து மேற்கோரைப்பல் பாதியும், கீழ்க்கோரைப்பல் அடியோடும் முறிந்திருந்தன. முன்னொருகால் எவனோ சுட்ட குண்டே அதற்குக் காரணமென்றும், இயல்பான இரையைப் பற்ற இயலாமையின் அப்புலி மனிதரைத் தின்னத் தலைப்பட்டதென்றும் கார்பெட் எழுதினார். அச்செயலைப் பாராட்டி மாகாணத் துணை ஆளுநர் சர் ஜான் ஹியூவெட் அவருக்கு அளித்த பரிசு, மேலே கூறிய .275 ரிக்பி போல்ட் துப்பாக்கியே. ஒருவன் குறி தவறிய குண்டுக்கு ஊர் ஊராக மக்கள் உயிர்விலை கொடுத்தனர் என்பது சிந்திக்கத் தக்கது.

ஆகவே, எத்துப்பாக்கி மிகத் தொலைவிற் சுடும் என வினவுதல் முறையன்று. எத்தொலைவு வரை பத்துக் குண்டும் ஒரு சாண் வட்டத்துள் என் கையால் விழும் என்பதே வினாவாதல் வேண்டும். அதனைக் குறிபார்க்கும் திடலிற் பலநாட் பயின்று, படுத்தும் அமர்ந்தும் நின்றும் சுட்டு, தானே கண்டறிக. ஒருவனுக்கு அது 300 மீட்டராகலாம். மற்றொருவனுக்கு 100 ஆகலாம். அவ்வெல்லைக்கு அப்பால் நிற்கும் விலங்கை அணுகிச் செல்லுதல் வேண்டும். அணுக இயலாதாயின் துப்பாக்கியைத் தாழ்த்தித் திரும்புதல் வேண்டும். சுடாது திரும்பும் உறுதியை எக்கம்பெனியும் செய்து விற்பதில்லை. அவ்வுறுதி உடையான் கையில் நடுத்தரத் துப்பாக்கியும் நல்ல துப்பாக்கியாம். இல்லான் கையில் சிறந்ததும் தீங்கேயாம்.