ஒரே பெயரில் இரண்டு நிலமேக்கள்: குழம்பாமல் படிக்க அக்காவின் டிப்ஸ்

தம்பி, தங்கச்சிமாரே, சாதாரண தரத்துக்கு வரலாறு படிக்கும் பிள்ளைகள் கண்டி இராச்சியத்துப் பாடத்துக்கு வந்ததும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "பிலிமத்தலாவையைத்தான் ராஜா கொன்றுவிட்டாரே, பிறகு எப்படி 1815இல் கையெழுத்துப் போட்டார்?" நல்ல கேள்வி. பெயரை மட்டும் மனப்பாடம் செய்தால் இந்தக் குழப்பம் வரத்தான் செய்யும். மாத்தளையில் இருக்கும் நமக்கு இது பக்கத்து வீட்டு வரலாறு. ஒருவர் செய்ததை இன்னொருவர் தலையில் போடாமல் படிக்கச் சில வழிகள் சொல்கிறேன்.

1. முன்னால் வருவது ஆளின் பெயர் அல்ல

எஹெலபொல, மொல்லிகொட, ரத்வத்த எல்லாம் ஊரையோ வளவையோ குறிக்கும் பெயர்கள். அப்பா, மகன், சகோதரன் என்று அந்தக் குடும்பத்தில் பலருக்கும் அதே பெயர் வரும். பின்னால் வரும் நிலமே, பண்டார என்பவை மரியாதைக்குச் சேர்ப்பவை. அவற்றை வைத்தும் ஆளைப் பிடிக்க முடியாது. ஒரு தோட்டத்தில் இரண்டு செல்வராஜ் இருந்தால் மேல் லயத்துச் செல்வராஜ், கீழ் லயத்துச் செல்வராஜ் என்று பிரிக்கிறோம் இல்லையா? கண்டிப் பிரதானிகளை அப்படிப் பிரித்துக் காட்டுவது பதவியும் பிரதேசமும்தான்.

2. பதவியையும் பிரதேசத்தையும் சேர்த்தே எழுதுங்கள்

1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தத்தில் இடம்பெற்ற பிரதானிகளில் சிலரை மட்டும் பாருங்கள்:

மொல்லிகொட – முதலாம் அதிகாரம், ஏழு கோறளைத் திசாவை
மொல்லிகொட – மூன்று கோறளைத் திசாவை
பிலிமத்தலாவை – இரண்டாம் அதிகாரம், சப்பிரகமுவத் திசாவை
பிலிமத்தலாவை – நான்கு கோறளைத் திசாவை
ரத்வத்த – மாத்தளைத் திசாவை
கலகம – தமன்கடுவைத் திசாவை
கலகொட – நுவரகலாவியத் திசாவை

ஒரே பத்திரத்தில் இரண்டு மொல்லிகொட, இரண்டு பிலிமத்தலாவை! போதாததற்கு கலகமவும் கலகொடவும் வேறு. வலப்பக்கத்தை மூடிவிட்டால் யார் யார் என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தச் சிறு பட்டியலைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் அல்ல. இங்கிலாந்தில் ரிச்சர்ட் நெவில் என்ற பெயரில் அப்பாவும் மகனும் ஒரே காலத்தில் இருந்தார்கள். 1460இல் இறந்த அப்பாவை சாலிஸ்பரி பிரபு என்றும், 1471இல் இறந்த மகனை வாரிக் பிரபு என்றும் சொல்லித்தான் அங்கேயும் பிரிக்கிறார்கள்.

3. பதவிக்குப் பக்கத்தில் ஆண்டு

பதவி மட்டும் இருந்தாலும் போதாது. ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் காலத்தில் மட்டும் பிலிமத்தலாவை, எஹெலபொல, மொல்லிகொட என்று மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக முதலாம் அதிகாரமாக இருந்தார்கள்.

முதலில் கேட்ட கேள்விக்கும் இங்கேதான் பதில். 1798இல் அந்த அரசனைச் சிம்மாசனத்தில் ஏற்றியவர் மூத்த பிலிமத்தலாவை. பிறகு அதே அரசனுக்கு எதிராகச் சதி செய்து, ஒப்பந்தத்துக்குச் சில வருடங்களுக்கு முன்பே மரண தண்டனை பெற்றார். 1815இல் வருபவர்கள் அந்தக் குடும்பப் பெயரைக் கொண்ட வேறு ஆட்கள். ஆகவே "பிலிமத்தலாவை சதி செய்தார்" என்று விடை எழுதாதீர்கள். "முதலாம் அதிகாரமாக இருந்த மூத்த பிலிமத்தலாவை" என்று எழுதுங்கள்.

4. ஒருவருக்கே இரண்டு பெயர் இருக்கலாம்

இதைத்தான் நிறையப் பேர் கவனிப்பதில்லை. ஒப்பந்தத்தில் ஊவாத் திசாவையாக "மொனரவில" என்று ஒருவர் வருகிறார். அவர் யாரோ புதியவர் அல்ல, கெப்பெட்டிபொலதான்! 1817–1818 கிளர்ச்சியை அடக்க ஆங்கிலேயர் அனுப்ப, அங்கே போய்க் கிளர்ச்சியாளர் பக்கமே சேர்ந்துகொண்டவர். 1818 நவம்பர் 26இல் கண்டி போகம்பரையில் அவர் தலை வெட்டப்பட்டது. எடின்பரோவுக்குக் கொண்டுபோன மண்டையோடு 1954இல்தான் நாடு திரும்பியது. அவரையும் மற்றத் தலைவர்களையும் துரோகிகள் என்று சொன்ன ஆங்கிலேய அறிவித்தல் 2016இல் இரத்துச் செய்யப்பட்டது. இரண்டு பெயரும் ஒருவருடையது என்று தெரிந்தால்தான், 1815இல் ஒப்பந்தத்தில் நின்ற அதே மனிதர் மூன்றே வருடத்தில் அதற்கு எதிராக உயிரைக் கொடுத்தார் என்பது விளங்கும்.

இன்னொன்று: வெலிமடைப் பக்கம் கெப்பெட்டிபொல என்று ஒரு டவுன் இருக்கிறது. அதைப் பார்த்து அவர் பிறந்த ஊர் என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

5. 'பண்டா' என்றால் பிரதானி என்று நினைக்காதீர்கள்

1848 மாத்தளைக் கிளர்ச்சியில் வரும் கொங்காலேகொட பண்டா பிரதானி குடும்பத்தவர் அல்ல, அவருடைய சொந்தப் பெயர் டேவிட். 1848 ஜூலை 28இல் தம்புள்ளையில் முடிசூட்டப்பட்டார். பிறகு மலாக்காவுக்கு நாடு கடத்தப்பட்டார். புரன் அப்பு மொறட்டுவையைச் சேர்ந்த பிரான்சிஸ்கோ பெர்னாண்டோ. 1818இல் முன்னுக்கு நின்றவர்கள் திசாவைகள். 1848இல் முன்னுக்கு வந்தவர்கள் சாதாரண மக்கள். இந்த ஒரு வித்தியாசம் தெளிவானாலே இரண்டு கிளர்ச்சிகளும் கலக்காது.

6. அரசர்களுக்கு முன்னொட்டு முக்கியம்

கண்டியின் கடைசி நான்கு நாயக்க அரசர்களும் 'இராஜசிங்கன்'தான். ஸ்ரீ விஜய (1739–1747), கீர்த்தி ஸ்ரீ (1747–1782), இராஜாதி (1782–1798), ஸ்ரீ விக்கிரம (1798–1815) என்று முன்னால் வருவதை மட்டும் வரிசையாகச் சொல்லிப் பழகுங்கள். தம்புள்ளைக் குகை விகாரையைப் புதுப்பித்தவர் இரண்டாமவர், கீர்த்தி ஸ்ரீ.

7. எழுத்து மாறினால் ஆள் மாறவில்லை

எகலப்பொல, எஹெலபொல, எஹலேபொல எல்லாம் ஒருவரே. பரீட்சைக்குப் பாடப்புத்தகத்தில் உள்ளபடி எழுதுங்கள். வேறு புத்தகத்தில் வேறு மாதிரி இருந்தால் பதவியையும் ஆண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கடைசியாக ஒன்று. 1818இல் ஆங்கிலேயர் பக்கம் நின்றவர் முதலாம் அதிகாரம் மொல்லிகொட. அதே வருடம் எஹெலபொலவை ஆங்கிலேயர் சந்தேகத்தில் பிடித்து, பிறகு மொரிசியசுக்கு அனுப்பினார்கள். அவர் அங்கேயே 1829இல் இறந்தார். இவர்களை மாற்றி எழுதினால் போவது இரண்டு புள்ளி மட்டும் அல்ல, செத்துப்போன ஒரு மனிதருக்குச் செய்யும் அநியாயமும் கூட. ஆகவே பேனாவை எடுக்கும்போதெல்லாம் பெயர், பதவி, பிரதேசம், ஆண்டு நான்கையும் சரிபார்த்துவிட்டு எழுதுங்கள், என் தம்பி தங்கச்சிமாரே.