சின்னப் பிள்ளைகளோடு கடற்கரைக்கு: அஞ்சுகிராமத்தில் தங்கி வர 22 குறிப்புகள்

கன்னியாகுமரிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கடலோர லாட்ஜ்களில்தான் அறை தேடுவார்கள். கைக்குழந்தையும் ஓடித் திரியும் வயதுப் பிள்ளையும் இருக்கும் வீட்டாருக்கு, மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் அஞ்சுகிராமம் இன்னும் தோதான இடம். இரைச்சல் குறைவு, கடைத்தெரு கைக்கெட்டும் தூரம், முக்கடல் முனைக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், வழியிலேயே வட்டக்கோட்டை. சொந்தக்காரர் வீடோ, வாடகை அறையோ, இங்கே இரண்டு மூன்று நாள் தங்கிக் கடல் பார்த்துவர நினைப்பவர்களுக்காக இந்தக் குறிப்புகள்.

புறப்படும் முன்

1. மாதம் பார்த்து நாள் குறியுங்கள். சிறு பிள்ளைகளுக்கு ஏற்றது தை கடைசி முதல் பங்குனி தொடக்கம் வரை. கார்த்திகையிலிருந்து தைப்பொங்கல் வரை சபரிமலை பக்தர்கள் கூட்டம் கன்னியாகுமரியை நிறைத்துவிடும். ஆனி, ஆடியில் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும், கடலும் முரடாக இருக்கும். சித்திரை, வைகாசியில்தான் பள்ளி விடுமுறை கிடைக்கிறது என்றால் வரலாம். ஆனால் 7ஆம் குறிப்பை இரண்டு தடவை படித்துவிட்டு வாருங்கள்.

2. அரை நாளுக்கு ஓர் இடம் போதும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. நடுவில் சாப்பாடும் தூக்கமும். 'இவ்வளவு தூரம் வந்தாச்சு, பத்மநாபபுரம் அரண்மனையையும் திற்பரப்பு அருவியையும் பார்த்துவிடலாம்' என்று வண்டியைத் திருப்பினால், பிள்ளைகள் பார்ப்பது கார் சீட்டின் முதுகைத்தான்.

3. அறை எடுக்கும்போது நான்கு கேள்வி கேளுங்கள். தரைத்தளமா? வெந்நீர் வருமா? ஜன்னலில் கொசுவலை உண்டா? மணலோடு வரும் பிள்ளைகளைக் கழுவ வெளியே குழாய் இருக்கிறதா? மாடி அறை என்றால் பால்கனிக் கம்பிகளின் இடைவெளியைச் சாவி வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

4. டிக்கெட் செலவைக் கணக்கிடுங்கள். ரயிலில் 5 வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குத் தனி இடம் கேட்காவிட்டால் டிக்கெட் வேண்டாம். 5 முதல் 12 வயதுக்குள், படுக்கை கேட்டால் முழுக் கட்டணம், கேட்காவிட்டால் பாதி. தமிழக அரசுப் பேருந்துகளில் 5 வயது வரை இலவசம், சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கும் கட்டணம் இல்லை. பிள்ளையின் வயதுச் சான்று நகல் ஒன்று பையில் இருக்கட்டும்.

5. கடற்கரைப் பை தனி. மாற்றுத்துணி இரண்டு செட், பருத்தித் துண்டு, தொப்பி, குடிநீர், ஈரத்துணி போட ஒரு பிளாஸ்டிக் பை, வழக்கமாகக் கொடுக்கும் காய்ச்சல் மருந்து, ஓ.ஆர்.எஸ். பொட்டலம், சின்ன டார்ச். பிள்ளை தூங்கும்போது கட்டிப்பிடிக்கும் பொம்மையோ போர்வையோ இருந்தால் அதைக் கடற்கரைப் பையில் வைக்காதீர்கள். அது தொலைந்தால் இரவு யாருக்கும் தூக்கம் இல்லை.

கரையிலும் தண்ணீரிலும்

6. வெயிலுக்கு நேரம் ஒதுக்காதீர்கள். காலை 9 மணிக்குள் ஓர் ஆட்டம், மாலை 4.30க்கு மேல் ஓர் ஆட்டம். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு சன்ஸ்கிரீன் பூச வேண்டாம். நிழலும் முழுக்கைப் பருத்திச் சட்டையுமே போதும். தேங்காய் எண்ணெய் பூசினால் வெயில் தாக்காது என்று நம்பிவிடாதீர்கள்.

7. கடலைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். வானம் தெளிவாக இருக்கும், காற்றுகூட இருக்காது. ஆனாலும் திடீரெனப் பெரிய அலைகள் கரையேறி வரும். இதைத்தான் இங்குள்ள மீனவர்கள் கள்ளக்கடல் என்கிறார்கள். தெற்கே வெகுதொலைவில், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் புயற்காற்று கிளப்பிவிடும் அலை நாள்கணக்கில் பயணம் செய்து நம் கரையில் வந்து ஏறுகிறது. அதனால்தான் உள்ளூர் வானத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. பெரும்பாலும் வருவது சித்திரை, வைகாசியில், அதாவது கோடை விடுமுறையில். 2024 மே மாதம் இதே மாவட்டத்தில் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தபோதும் கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில் இருந்தது. கிளம்பும் முன் செய்தியில் 'கடல் சீற்றம்', 'கள்ளக்கடல்' என்ற சொற்கள் வருகிறதா என்று பாருங்கள். கரையில் வலை பின்னிக்கொண்டிருப்பவரிடம், "அண்ணாச்சி, கடல் எப்படிக் கிடக்கு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். "இன்னைக்கு இழுப்பு கூடுதல் மக்களே, பிள்ளையள எறக்காதீங்க" என்று அவர் சொன்னால் அன்றைக்கு மணலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

8. கணுக்கால் அளவுதான். இந்தக் கரைகளில் பல இடங்களில் மணல் சட்டென்று சரியும். ஓரடி வைத்தால் கணுக்கால், அடுத்த அடியில் இடுப்பு. முக்கடல் முனையிலோ பாறைகள் வேறு. எனவே பிள்ளைகளுக்குக் கணுக்கால் நனைவதோடு எல்லை போடுங்கள். ஐந்து வயதுக்குக் கீழே என்றால் கை பிடித்தே நிற்க வேண்டும். நான்கைந்து பெரியவர்கள் போகும்போதுதான் ஆபத்து அதிகம். ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுவார்கள். அரை மணிக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். முறையில் இருப்பவர் கையில் செல்போன் கூடாது. முறை மாறும்போது, "இனி நீங்க பாருங்க அத்தான்" என்று வாய்விட்டுச் சொல்லி மாற்றுங்கள். நீரில் மூழ்கும் குழந்தை கூப்பாடு போடாது, சத்தமில்லாமல் போய்விடும்.

9. அமைதியான தண்ணீரை நம்பாதீர்கள். இருபுறமும் அலை உடைந்து நுரைக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் அலையில்லாமல், சற்றுக் கருத்துத் தெரிந்தால், அதுதான் பின்வாங்கும் நீர் கடலுக்குள் ஓடும் பாதை. பிள்ளையை இறக்கத் தோதான இடம் என்று பலரும் நினைப்பது அதைத்தான். பெரியவர் யாராவது அதில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட வேண்டாம். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து விலகி, பிறகு கரை ஏற வேண்டும்.

10. கண்ணைப் பறிக்கும் நிறத்தில் உடுத்துங்கள். ஆரஞ்சு, அடர் மஞ்சள், அடர் இளஞ்சிவப்பு. நீலமும் வெள்ளையும் தண்ணீரில் கலந்துவிடும். உங்கள் செல் எண்ணைப் பிள்ளையின் முன்கையில் பேனாவால் எழுதிவிடுங்கள். "அம்மாவைக் காணோம்னா அங்கேயே நில்லு, நடக்காதே" என்று அறையிலேயே சொல்லிப் பழக்குங்கள்.

11. விளையாட்டுச் சாமான் வாங்க வேண்டாம். வீட்டில் தேங்காய் துருவிய சிரட்டை நான்கு, பழைய கரண்டி ஒன்று, தயிர் டப்பா இரண்டு. ஈரமணலைச் சிரட்டையில் அமுக்கிக் கவிழ்த்தால் புட்டு வந்துவிடும். வட்டக்கோட்டைப் பக்கம் போகிறவர்கள் பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை பிளாஸ்டிக் பைக்குள் போட்டு எடுத்துப் போங்கள். காய்ந்த மணலில் உரசினால் இரும்புச் சத்துள்ள கறுப்புத் துகள்கள் பையில் ஒட்டிக்கொண்டு முள்ளாய் நிமிரும், காந்தத்தை எடுத்தால் உதிரும். பிள்ளைகள் ஒரு மணி நேரம் அசையமாட்டார்கள். சின்னக் காந்தம் வேண்டாம், வாயில் போட்டு விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

12. கறுப்பு மணல் சுடும். அந்தக் கறுப்புத் துகள்கள் வெயிலைச் சீக்கிரம் உள்வாங்கும். காலை 10 மணிக்கு மேல் செருப்பில்லாமல் பிள்ளையை இறக்கிவிடாதீர்கள். முதலில் உங்கள் புறங்கையை மணலில் வைத்துப் பாருங்கள்.

13. பழைய சாரம் (கைலி) பந்தலாகும். இரண்டு பழைய சாரமும் கொஞ்சம் கயிறும் இருந்தால் போதும். ஒன்று விரிக்க, ஒன்று நிழலுக்கு. விரிப்பின் நான்கு மூலையிலும் செருப்பை வைத்தால் காற்றில் பறக்காது. தென்னைக்கு நேர் கீழே விரிக்காதீர்கள்.

14. மணலை நீக்க ஈரத்துணி உதவாது. தேய்க்கத் தேய்க்கத் தோல் சிவக்கும். உடம்பை முதலில் காயவிட்டு, கையில் கொஞ்சம் சோளமாவு தொட்டுத் தடவிவிட்டால் மணல் உதிர்ந்துவிடும். பெண்பிள்ளைகளுக்குத் தலையில் எண்ணெய் வைத்து இறுகப் பின்னிவிட்டால் உப்புக் காற்றில் சிக்கு விழாது. நல்ல தண்ணீரில் குளிப்பாட்டிய பிறகு உடம்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம். முதலிலேயே தடவினால் மணல் அப்பிக்கொள்ளும்.

15. சொறி (ஜெல்லிமீன்) பட்டால். கரையில் கிடக்கும் கண்ணாடி போன்ற சொறியைச் செத்தது என்று தொடவிடாதீர்கள், செத்த பிறகும் கொட்டும். பட்டுவிட்டால் கடல் தண்ணீராலேயே அலசுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றவோ மணல் போட்டுத் தேய்க்கவோ வேண்டாம். மூச்சுத் திணறலோ, முகம் வீங்குவதோ, வாந்தியோ இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குத்தான்.

பார்க்கும் இடங்கள்

16. முதல் நாள் வட்டக்கோட்டை. பயணக் களைப்போடு வரும் பிள்ளைகளுக்கு இதுதான் சரி. குளச்சல் போரில் 1741இல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுக்காரர் டிலனாய், பிறகு அவருக்கே தளபதியாகிப் பலப்படுத்திய கருங்கல் கோட்டை. மேலே ஏறினால் இரு பக்கமும் கடல். சுவர் ஓரம் கைப்பிடி இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். சின்னப் பிள்ளையை இடுப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நிழல் குறைவு, மாலையில் போவது நல்லது.

17. படகுக்குக் காலை 8 மணிக்கே நில்லுங்கள். பூம்புகார் கப்பல் கழகப் படகில்தான் விவேகானந்தர் பாறைக்குப் போக வேண்டும். நேரமாக ஆக வரிசை நீளும். கடல் சீறினாலும் நீர்மட்டம் தாழ்ந்தாலும் படகு நிற்கும். எனவே பிள்ளைகளிடம் "நாளைக்குக் கண்டிப்பா போட்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். 133 அடி வள்ளுவர் சிலைக்கும் பாறைக்கும் நடுவே 2024 டிசம்பர் 30இல் திறந்த கண்ணாடிப் பாலத்தின் நீளம் 77 மீட்டர். கீழே கடல் தெரியும்போது சில பிள்ளைகள் துள்ளும், சில அலறும். அலறும் பிள்ளையை இழுத்துப் போகாதீர்கள்.

18. சூரிய உதயத்துக்காக எல்லாரையும் எழுப்ப வேண்டாம். உதயம் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 6 மணிக்கும் 6.45க்கும் நடுவில்தான். எழுந்த பிள்ளையை மட்டும் ஒருவர் கூட்டிப் போகட்டும். தூங்குகிறது தூங்கட்டும்.

19. மழை வந்தால் சுசீந்திரம். தாணுமாலயன் கோயிலின் நீண்ட பிரகாரத்தில் பிள்ளைகள் நனையாமல் நடக்கலாம். தட்டினால் இசைக்கும் தூண்களும் பெரிய ஆஞ்சநேயரும் அவர்களுக்குப் பிடிக்கும். மழை விட்டதும் சுசீந்திரம், தேரூர் குளங்களில் பறவை பார்க்கலாம். 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த நீர்நிலைகள் இவை.

சாப்பாடும் உடம்பும்

20. உள்ளூர்ச் சாப்பாடே பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளும். இந்த மாவட்டத்தில் குழந்தைக்கு முதலில் பிசைந்து ஊட்டுவது மட்டிப்பழம். 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. பசிக்கு அதுவே போதும். ஓட்டலில் இட்லி, ஆப்பம், இடியாப்பம், தயிர்ச்சோறு. நுங்கும் அக்கானியும் (பதநீர்) காலை வெயில் ஏறும் முன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை என்பதால் சின்னமுட்டம் துறைமுகத்தில் மீன் வரத்துக் குறைந்து விலை ஏறும். பிள்ளைகளுக்கு நெய்மீன் துண்டு வாங்குங்கள், சாளையில் முள் அதிகம்.

21. தண்ணீர், தண்ணீர். கடல்காற்றில் வேர்ப்பது தெரியாது, தாகமும் தெரியாது. அரை மணிக்கு ஒருமுறை நீங்களே கொடுங்கள். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பாலை அடிக்கடி கொடுத்தாலே போதும். வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைக் கொதித்தாறிய நீரில், அதில் எழுதியிருக்கும் அளவில் கரையுங்கள். கிடைக்காவிட்டால் ஒரு லிட்டருக்கு 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி. ஆறு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

22. எண்களைச் செல்லில் ஏற்றிவிட்டுக் கிளம்புங்கள். ஆம்புலன்ஸ் 108. கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. பிள்ளையைக் காணவில்லை என்றால் 112 அல்லது 1098. பெரிய சிகிச்சைக்கு நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கடலில் யாராவது இழுபட்டால், நீச்சல் தெரியாதவர் பின்னால் குதிக்கக் கூடாது. மிதக்கிற பொருள் எதையாவது வீசிவிட்டு, மீனவர்களைக் கூப்பிடுங்கள். அந்தக் கடல் அவர்களுக்குத்தான் தெரியும்.