பசலி 1286: முனைவர் பட்ட ஆய்வு பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

"மேடம், எனக்கு ஆராய்ச்சி வராதுன்னு தோணுது. விட்டுடலாம்னு இருக்கேன்."

பதிவு செய்து மூன்றாண்டு கழித்து ஒரு மாணவி தொலைபேசியில் என்னிடம் சொன்னது இது. 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்தார். வீட்டில் முதல் பட்டதாரி. குரல் உடைந்திருந்தது. "இருக்கிற குறிப்பையெல்லாம் எடுத்துக்கிட்டு வாம்மா" என்றேன்.

சிக்கல் இதுதான். பழைய கணக்குப்பிள்ளை குடும்பம் ஒன்றிடமிருந்து அவருக்கு ஒரு கணக்கு நோட்டு கிடைத்திருந்தது. முதல் பக்கத்தில், நிலவரிக் கணக்கு ஆண்டான பசலி 1286 என்று போட்டிருந்தது. உள்ளே மாசி மாதத்தில், நிவாரண வேலைக்குப் போனவர்களுக்குக் கூலி குறைந்துபோனதைக் குறித்திருந்தார்கள். பசலியோடு 590ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும் என்று யாரோ சொன்னதை நம்பி, 1876 மாசி என்று தன் அட்டவணையில் ஏற்றிவிட்டார். ஆனால், கூலியைக் குறைக்கச் சொன்ன ஆங்கிலேய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் சென்னை மாகாணத்துக்கு வந்ததே 1877 ஜனவரியில். உத்தரவு வருவதற்கு முன்னால் கூலி எப்படிக் குறையும்? நோட்டு போலியா, தனக்குத்தான் படிக்கத் தெரியவில்லையா என்று நான்கு மாதம் தூங்காமல் இருந்திருக்கிறார்.

சென்னை மாகாணத்தில் பசலி ஆண்டு ஜூலை 1ஆம் தேதி பிறக்கும். பசலி 1286 என்றால் 1876 ஜூலை முதல் 1877 ஜூன் வரை. அதற்குள் வரும் மாசி 1877ஆம் ஆண்டின் மாசி. நோட்டும் சரி, அரசு ஆவணமும் சரி. பத்து நிமிடத்தில் முடிந்த விஷயம். யாரும் சொல்லிக்கொடுக்காத ஒரே ஒரு தகவல் ஒரு பெண்ணை ஆய்விலிருந்தே துரத்தப் பார்த்திருக்கிறது. அந்த ஆற்றாமைதான் என்னை இந்தப் பத்தியை எழுத வைக்கிறது.

"அபார மூளை இருந்தால்தான் பிஎச்.டி. முடிக்க முடியும்"

இல்லை. ஆய்வு ஒரு கைத்தொழில். ஒவ்வொரு துறைக்கும் அதற்கான கைப்பழக்கம் உண்டு. வரலாற்றுக்காரருக்குப் பசலிக் கணக்கு தெரிய வேண்டும். தமிழ் எண்களைத் தடங்கலில்லாமல் படிக்க வேண்டும். காணி, குழி, மரக்கால், கலம் இவை ஊருக்கு ஊர் அளவு மாறியவை என்ற எச்சரிக்கை வேண்டும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அட்டவணைத் தொகுதியைப் புரட்டி, துறை, எண், தேதி மூன்றையும் குறித்துச் சீட்டு எழுதித் தரத் தெரிய வேண்டும். உயிரியல் ஆய்வகத்திலோ அன்றைய சோதனையை அன்றே, தோற்றதையும் சேர்த்து, பதிவேட்டில் எழுதும் பழக்கம் வேண்டும். களஆய்வு செய்பவர், கேள்விகளைப் பத்துப் பேரிடம் கேட்டுப் பார்த்துத் திருத்திவிட்டுத்தான் முந்நூறு பேரிடம் போக வேண்டும்.

இவை எதுவும் பிறவியில் வருவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொள்வது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022ஆம் ஆண்டு விதிகள் ஆய்வாளருக்குக் குறைந்தது 12 கிரெடிட் அளவுக்குப் பாடவகுப்பு வேண்டும் என்கின்றன. அந்த வகுப்புகள் பல இடங்களில் ஆய்வு முறையியலின் வரையறைகளை மனப்பாடம் செய்வதோடு முடிந்துவிடுகின்றன. கற்பிப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: ஒரு நாளாவது மாணவர்களை ஒரு ஆவணத்தின் முன்னால், ஒரு கருவியின் முன்னால் உட்கார வையுங்கள்.

படித்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கைப்பழக்கத்தில் பாதி வீட்டுப் பேச்சிலேயே வந்துவிடுகிறது. முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்கு அது வருவதில்லை. அந்த இடைவெளியைத்தான் மூளை என்று தவறாகப் பெயர் சொல்லி அழைக்கிறோம்.

"தலைப்பு பெரிதாக இருக்க வேண்டும், யாரும் சொல்லாததைச் சொல்ல வேண்டும்"

அந்த மாணவி முதலில் பதிந்த தலைப்பு 'தமிழகத்தில் பஞ்சங்கள்'. ஒரு ஆயுள் போதாது அதற்கு. இன்னொரு பக்கம், தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதியாயிற்று. வில்லியம் டிக்பி 1878லேயே இரண்டு தொகுதி எழுதிவிட்டார். பஞ்சக் கமிஷன் அறிக்கை 1880லிருந்து வந்தது. நாளுக்கு ஒரு பவுண்டு தானியம் வாங்கும் அளவுக்குக் கூலி போதும் என்றார் டெம்பிள். உழைக்கிற உடம்பு அதில் தாங்காது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ் வாதாடினார். இந்தச் சண்டை ஆய்வாளர்களுக்கெல்லாம் தெரிந்த கதை. இதில் புதிதாக என்ன சொல்ல முடியும்?

முடியும். ஒரே ஒரு தாலுகாவில் அந்தக் குறைந்த கூலி எந்த வாரம் நடைமுறைக்கு வந்தது? அதற்குப் பிறகு வேலைக்கு வந்த பெண்களின் எண்ணிக்கை என்ன ஆயிற்று? இப்படிக் கேட்டால் அது ஆய்வுக்கேற்ற கேள்வி. ஆவணம் எங்கே இருக்கும் என்று சொல்ல முடிகிறது. மூன்று நான்கு ஆண்டில் முடிகிறது. எல்லாவற்றையும்விட, பதில் நாம் நினைத்ததற்கு நேர்மாறாகவும் வரலாம். நாம் நினைத்தது பொய்யாகிப்போக வழியே இல்லாத கேள்வியை நான் ஆய்வுக் கேள்வியாக ஏற்பதில்லை.

முடிந்த முடிவைச் சொல்லிவிட வேண்டும் என்ற பயமும் வேண்டாம். இலங்கையிலிருந்து போய் பர்மிங்காமில் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்த க. கைலாசபதி, சங்கப் பாடல்களை ஹோமரின் காவியங்களோடு ஒப்பிட்டு, அவை வாய்மொழி வீரயுகப் பாடல்கள் என்று வாதிட்டார். 1968இல் ஆக்ஸ்ஃபோர்டில் நூலாக வந்தது. பாணர் மரபை ஒட்டி எழுந்தவை என்றாலும் அவை வாய்மொழியாகவே இயற்றப்பட்டவை அல்ல என்று ஜார்ஜ் ஹார்ட் உள்ளிட்டோர் மறுத்தார்கள். மறுக்க வேண்டுமானால்கூட முதலில் அந்த நூலைப் படித்தாக வேண்டும். நல்ல ஆய்வேடு அப்படித்தான் உயிரோடிருக்கிறது.

"எல்லாவற்றையும் படித்து முடித்தபிறகு கடைசியில் எழுதிக்கொள்ளலாம்"

நான் பார்த்தவரை ஆய்வுகளை அதிகம் கொன்றது இந்த நம்பிக்கைதான். படிப்பதற்கு முடிவே கிடையாது. ஒரு நூலின் அடிக்குறிப்பு இன்னும் ஐந்து நூலைக் காட்டும். ஐந்தாம் ஆண்டில் பெட்டி நிறைய நகலெடுத்த தாள்கள் இருக்கும். ஒரு இயல்கூட இருக்காது.

எழுதிப் பார்க்கும்போதுதான் நமக்கு என்ன தெரியாது என்பதே தெரியும். 'பஞ்சத்தால் மக்கள் இடம்பெயர்ந்தனர்' என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். உடனே கேள்விகள் வரும். எந்த மக்கள்? எங்கே போனார்கள்? இதற்குச் சான்று எந்தப் பெட்டியில் இருக்கிறது? முதல் ஆறு மாதத்திலேயே ஐந்து பக்கம் எழுதுங்கள். மோசமாகவே இருக்கட்டும். தினமும் காலையில் ஒரு மணி நேரம், நேற்று படித்ததைச் சொந்த வாக்கியத்தில் ஒரு பக்கம். அது பின்னால் ஆய்வேட்டில் வராமல் போனாலும் கை பழகியிருக்கும்.

குறிப்பெடுப்பதைப் பற்றி மனம் வலிக்க ஒன்று சொல்ல வேண்டும். என் முதலாண்டுக் குறிப்பேடுகளில் பக்க எண் கிடையாது. மேற்கோளுக்கும் என் சொந்தக் கருத்துக்கும் வித்தியாசம் தெரியும்படி குறி எதுவும் போட்டிருக்கவில்லை. கடைசி ஆண்டில் ஏறக்குறைய ஐந்து மாதம், அதே நூல்களைத் திரும்பத் தேடி, ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் கன்னிமாராவுக்கும் அலைந்தேன். இன்றைக்கு ஜோடெரோ போன்ற இலவச மென்பொருள் இருக்கிறது. நூல் விவரம், பக்கம், குறிப்பு மூன்றையும் ஓரிடத்தில் வைத்துக்கொள்கிறது. அது பிடிக்காவிட்டால் நோட்டுப் புத்தகமே போதும். பக்க எண் இல்லாத குறிப்பைக் குறிப்பாகக் கணக்கில் எடுக்காதீர்கள். பென்டிரைவ் ஒன்றில் மட்டும் ஆய்வேட்டை வைத்திருப்பவர்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால், நிறுத்திவிட்டு இப்போதே இன்னொரு பிரதி எடுத்துவிட்டு வாருங்கள்.

"எல்லாம் நெறியாளர் கையில்"

நெறியாளர் முக்கியம்தான். நல்லவர் அமைந்தால் பாதிப் பாரம் குறையும். ஆனால் அவர் ஒருவரே எல்லாம் அல்ல என்பதை விதியே சொல்கிறது. ஆய்வு ஆலோசனைக் குழு ஒன்று இருக்க வேண்டும். ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வாளர் அதன் முன் தன் வேலையை வைக்க வேண்டும். அந்தக் கூட்டத்தைக் கையெழுத்துச் சடங்காக விட்டுவிடாதீர்கள். எழுதிய பத்துப் பக்கத்தோடு போங்கள். அவர்கள் சொன்னதை அன்றிரவே எழுதி நெறியாளருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். இரண்டாண்டு கழித்து 'நான் அப்படிச் சொல்லவே இல்லையே' என்ற பேச்சு வரும்போது அந்த மின்னஞ்சல் காப்பாற்றும்.

ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் எட்டுப் பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும் வழிகாட்டலாம். அவருடைய நேரம் உங்கள் ஒருவருக்கானது அல்ல. 'அடுத்து என்ன சார் பண்றது?' என்று கேட்டால் பதில் வர மாதமாகும். 'இந்த இரண்டு வழியில் இது சரியென்று நினைக்கிறேன், காரணம் இது' என்று கேட்டால் அன்றே வரும்.

நெறியாளர் வீட்டுக்குக் காய்கறி வாங்கிப்போவது, அவர் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவது, விடைத்தாள் திருத்திக் கொடுப்பது இவையெல்லாம் ஆய்வின் பகுதி அல்ல. மரியாதையும் அல்ல. இதை வழக்கம் என்று ஏற்றுக்கொண்ட மூத்தவர்கள் அடுத்து வருபவர்களுக்குத் தீங்கு செய்கிறார்கள்.

"காசு கட்டியாவது கட்டுரை போட்டே ஆக வேண்டும்"

ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு விதிகளில் இருந்த கட்டாயம் 2022 விதிகளில் இல்லை. ஆனாலும் தனித்தனிப் பல்கலைக்கழகங்கள் அதை வைத்திருக்கலாம். உங்கள் பல்கலைக்கழகத்தின் விதிப் புத்தகத்தை நீங்களே வாங்கிப் படியுங்கள், நண்பர் சொன்னதை நம்பாதீர்கள். தரமான இதழ்களுக்கான யுஜிசியின் கேர் பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டுவிட்டது. ஆகவே இதழ் நல்லதா என்று பார்க்கும் பொறுப்பு இப்போது நம்முடையது.

2013இல் ஜான் போஹானன் என்பவர் வேண்டுமென்றே அப்பட்டமான பிழைகளோடு ஒரு போலி அறிவியல் கட்டுரை தயாரித்து 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. மூன்று நாளில் வெளியிடுகிறோம் என்று வாட்ஸ்ஆப்பில் வரும் அழைப்பை இதோடு சேர்த்துப் பாருங்கள். ஓர் எளிய சோதனை: உங்கள் துறையில் நீங்கள் மதிக்கும் மூன்று பேர் அந்த இதழில் எழுதியிருக்கிறார்களா? இல்லையென்றால் காசைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பணத்தில் களஆய்வுக்குப் போகலாம்.

"பத்து சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டால் பிரச்சினை இல்லை"

யுஜிசியின் 2018 விதிப்படி, பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை திருத்திக் கொடுக்க வேண்டும். 60க்கு மேல் போனால் பதிவே ரத்து. ஆனால் ஒப்புமை பார்க்கும் மென்பொருள் முக்கியமாகப் பார்ப்பது சொற்கள் ஒன்றுபோல இருக்கின்றனவா என்பதைத்தான். ஒருவருடைய வாதத்தைச் சொல் மாற்றி எழுதினால் அதற்குத் தெரியாமல் போகலாம். ஆங்கில நூலைத் தமிழாக்கி வைத்தாலும் அப்படித்தான். தேர்வாளருக்குத் தெரியும்.

"பகுதி நேரம் என்றால் சுலபம்"

வேலையும் குடும்பமும் ஆய்வும் ஒரே தலையில் என்பதுதான் பகுதி நேரம். குறைந்தது மூன்றாண்டு, அதிகபட்சம் ஆறாண்டு. மறுபதிவு செய்தால் எட்டு. பெண்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் பத்தாண்டு வரை உண்டு. மகப்பேறு, குழந்தை வளர்ப்புக்காக 240 நாள் வரை விடுப்பு உண்டு. இதைத் தெரியாமல் கைக்குழந்தையோடு ஆய்வை விட்ட பெண்களை எனக்குத் தெரியும். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் இந்த எண்களை அவரிடம் சொல்லுங்கள்.

முழு நேரம் என்றாலும் பணக் கணக்கு போட்டுக்கொள்ள வேண்டும். இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். ஆனால் அது தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் உதவித்தொகைக்கான இடத்தை எட்டியவர்களுக்கு மட்டும்தான். உதவிப் பேராசிரியர் வேலைதான் குறி என்றால் 2023 ஜூலைக்குப் பிறகு நெட் அல்லது செட் தேர்ச்சியே குறைந்தபட்சத் தகுதி. பட்டம் வாங்கினால் வேலை தானாக வரும் என்று யாரும் உங்களிடம் சொல்ல வேண்டாம்; நீங்களும் உங்கள் பெற்றோரிடம் சொல்ல வேண்டாம்.

"ஆய்வேட்டை யாரும் படிக்கப் போவதில்லை"

முன்பு அப்படித்தான் இருந்தது. தங்க எழுத்துப் பதித்த பைண்டிங்கில் துறை அலமாரியில் தூங்கும். இன்று காந்திநகரில் உள்ள இன்ஃபிளிப்நெட் நடத்தும் சோத்கங்கா தளத்தில் ஆய்வேடுகள் ஏற்றப்படுகின்றன. ஏதோ ஒரு ஊரில் கைபேசியோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளை உங்கள் அடிக்குறிப்பைத் தேடி வரலாம்.

அதற்கு ஒரு தடை இருக்கிறது. தமிழ்நாடு அரசு யூனிகோடை 2010லேயே தரமாக ஏற்றுக்கொண்டது. இன்றும் தட்டச்சுக் கடைகளில் பழைய எழுத்துருக்களில் அடித்துக் கொடுக்கிறார்கள். தாளில் அழகாக இருக்கும். கணினியில் தேடினால் ஒரு சொல்லும் அகப்படாது. நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகள் குழம்பி விழும். ஆகவே ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முந்தைய நாள் பிடிஎஃப் கோப்பைத் திறந்து, தேடல் பெட்டியில் உங்களுக்கு முக்கியமான ஒரு சொல்லை அடித்துப் பாருங்கள். அந்த மாணவி அடித்துப் பார்த்த சொல் 'பசலி'. முதல் தடவை கிடைக்கவில்லை. எட்டு நாள் செலவழித்து முழுவதையும் யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டு வந்து, மறுபடி தேடிக் காட்டினார். முப்பத்தொரு இடத்தில் இருந்தது.