எல்லை தாண்டினால் குப்பை மாறுமா?

நம்ம இலத்தூரிலிருந்து செங்கோட்டை வழியே ஆரியங்காவு போனால் மொழி மாறும். குப்பை விதி? 2016இல் வந்த மத்திய அரசு விதிகள், இரு மாநிலத்தாரையும் மக்கும் குப்பை, மக்காத குப்பை, அபாயக் குப்பை எனப் பிரிக்கச் சொன்னவை.

செயல்முறைதான் வேறு. தமிழக நகராட்சிகளில் தூய்மைப் பணியாளர்கள் இரண்டையும் தனித்தனியே வாசலில் வாங்கி, மக்குவதை உரமாக்குகிறார்கள். கேரளாவில் மக்குவதை முடிந்தவரை வீட்டிலேயே உரமாக்க வேண்டும். ஹரித கர்ம சேனைப் பெண்கள் கட்டணம் பெற்று மக்காததை எடுக்கிறார்கள்.

"எல்லாம் குப்பைதானே, என்னத்தப் பிரிக்க?" என்பாங்க வீட்டில். சாம்பார் பட்ட பிளாஸ்டிக் மறுசுழற்சிக்கு ஆகாது. பிளாஸ்டிக் கலந்த உரம் வயலுக்கு ஆகாது.

2024 டிசம்பரில் கேரள மருத்துவக் கழிவு நெல்லைப் பக்கம் கொட்டப்பட்டபோது கொதித்தோம். நியாயம்தான். ஆனால் நம்ம வீட்டுப் பையை நாமே குளத்தங்கரையில் வீசலாமா? இன்றே அடுப்படியில் இரண்டு வாளி வைப்போம். பழைய பேட்டரி, பல்புக்குத் தனிப் பை!