ஈரக் காற்றில் இயங்கும் சர்வர்: வன்தட்டுச் சோதனை வழிகாட்டி

2019இல் சிங்கப்பூர் புதிய தரவு மையங்களுக்கான அனுமதியை நிறுத்தி வைத்த பின்னர், ஜொகூரின் கூலாய், செடெனாக், நுசாஜெயா வட்டாரங்களில் பெரும் தரவு மையங்கள் எழுந்தன. அங்கெல்லாம் வன்தட்டுகளைக் கண்காணிக்கத் தனிப் பணியாளர்கள் உண்டு. பள்ளியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ ஒரு மூலை அறையில் இயங்கும் சர்வருக்கு அத்தகைய காவல் அரிதாகவே வாய்க்கிறது என்பதால், அதன் பொறுப்பாளருக்கே இவ்வழிமுறை முதன்மையாகப் பயன்படும்.

வன்தட்டு தன் இயக்கத்தில் நேரும் பிழைகளைத் தானே எண்ணிப் பதிந்துகொள்ளும் ஏற்பாட்டுக்கு ஸ்மார்ட் என்று பெயர். அதைப் படிக்க இலவச மென்பொருளான ஸ்மார்ட்மான்டூல்ஸ் போதும். புதிய வன்தட்டில் தரவை ஏற்றுமுன் அதன் முழுப் பரப்பையும் ஒருமுறை எழுதிப் படித்துச் சோதித்து, அப்போதைய எண்களைக் குறித்து வைக்க வேண்டும். இச்சோதனை உள்ளதை எல்லாம் அழித்துவிடும் என்பதால், தரவு உள்ள வன்தட்டில் இதை ஒருபோதும் செய்யலாகாது.

அடுத்து, அறிக்கையின் தலைப்பில் வரும் "தேறியது" என்ற சொல்லோடு நின்றுவிடாமல், சாட்டா வன்தட்டுகளின் மூல எண்களைப் பார்க்க வேண்டும். 5ஆம் எண் கெட்டுப்போனதால் மாற்றிடம் ஒதுக்கப்பட்ட செக்டர்களையும், 187ஆம் எண் திருத்த இயலாத பிழைகளையும், 197ஆம் எண் படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருக்கும் செக்டர்களையும் காட்டுகின்றன. இவை வாரந்தோறும் ஏறினால் வன்தட்டை மாற்றுவதே முறை; தரவுப் பரிமாற்றப் பிழைகளை எண்ணும் 199 மட்டும் ஏறினால் முதலில் கேபிளை மாற்றிப் பார்க்கலாம். ரெய்டு கார்டுக்குப் பின்னுள்ள வன்தட்டுகள் நேரடியாகத் தென்படாமையால், கார்டின் வகையைக் கட்டளையில் குறிப்பிட வேண்டியிருக்கும்.

குறுஞ்சோதனையை வாரம் ஒருமுறையும், முழுப் பரப்பையும் படிக்கும் நெடுஞ்சோதனையை மாதம் ஒருமுறையும் தானாக நடக்குமாறு அமைத்து, பிழை கண்டதும் மின்னஞ்சல் வருமாறு செய்யலாம். 16 டெராபைட் வன்தட்டில் நெடுஞ்சோதனை ஏறத்தாழ ஒரு நாள் நீளும் என்பதால் அது விடுமுறைக்கு உரியது. 2025 ஜனவரி 1 முதல் ஜொகூரின் வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டமையால், வெள்ளிக்கிழமைக்கு வகுத்த பழைய அட்டவணைகளைத் திருத்துவது அவசியம்.

பலரும் வெப்பத்தை அளப்பதோடு நிறைவடைகின்றனர். இம்மண்ணுக்கு அது போதாது. 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்களும் பிறரும் 2016இல் வெளியிட்ட கட்டுரை, காற்றின் ஒப்பு ஈரப்பதமே பழுதுகளில் மேலோங்கிய பங்கு வகிப்பதாகவும், அது வன்தட்டின் கட்டுப்பாட்டுச் சுற்றைக் கெடுப்பதாகவும் கண்டது. ஆண்டு முழுதும் ஈரம் மிகுந்த ஜொகூரில், மின்கட்டணத்துக்கு அஞ்சி இரவில் குளிர்சாதனத்தை நிறுத்தும் வழக்கம் கைவிடத் தக்கது. ஈரமானி ஒன்றை அறையில் வைத்து, 60 விழுக்காட்டுக்குள் ஈரம் நிற்கிறதா என்று நாள்தோறும் குறித்து வருதல் வேண்டும்.

இத்தனைக்குப் பின்னும் முழுக் காப்புறுதி இல்லை. கூகுள் பொறியாளர்களின் 2007ஆம் ஆண்டு ஆய்வில், பழுதான வன்தட்டுகளுள் 36 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை, வெப்பநிலை நீங்கலாக, ஸ்மார்ட் பதிவில் ஓர் அறிகுறியும் காட்டாமலே செயலிழந்திருந்தன. 2006 டிசம்பரில் ஜொகூரின் கோத்தா திங்கியை மூழ்கடித்தது போன்ற வெள்ளத்தை எந்த எண்ணும் முன்னுரைக்காது. ஆகவே தரவின் நகல் ஒன்றை வேறோர் ஊரில் வைத்து, அதிலிருந்து கோப்புகள் உண்மையிலேயே மீள்கின்றனவா என்று பொறுப்பாளர்கள் இம்மாதமே சோதித்துப் பார்க்க வேண்டும்.